மூக்கடைப்புக்குச் சேர்க்கப்பட்ட எலுமிச்சம்பழம்

என் பேருந்தில் ஏறுகிற எதுவாக இருந்தாலும் ஒன்று பயணி, இல்லாவிட்டால் லக்கேஜ். இதில் எனக்குக் குழப்பம் வந்ததே இல்லை. ஆட்டுக்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு, "இது எங்க வீட்டுப் பிள்ளைங்க" என்று குழைந்த ஆளுக்குக்கூட ஒரு முறை முறைத்துவிட்டு லக்கேஜ் டிக்கெட் கிழித்துக் கொடுத்திருக்கிறேன். கண்டக்டர் வேலை பார்க்கிறவளுக்கு உலகம் அவ்வளவு தெளிவானது. அந்த ஆஸ்பத்திரி வாசலில் கால் வைக்கும் வரைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. அதைக் குறை சொன்னால் என் வாய் அழுகிப் போகும். எலும்பைச் சேர்த்து வைத்தார்கள், மூக்கை அடைத்துவிட்டார்கள், அவ்வளவுதான் விஷயம். அந்தக் கட்டடத்தில் ஏசி மனிதர்களுக்காக ஓடுவதில்லை, கம்ப்யூட்டர்களுக்காக ஓடுகிறது. கம்ப்யூட்டர் அறைக்கும் வார்டுகளுக்கும் ஒரே குழாய். கம்ப்யூட்டருக்குச் சூடு ஆகாதாம். அதனால் உள்ளே போனவர்கள் எல்லாருக்கும் சளி. நோயாளி, டாக்டர், கூட்டிப் பெருக்குகிறவர் என்ற பாகுபாடு கிடையாது, அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அங்கே பூரண சமத்துவம். "உங்கள் ஆரோக்கியமே எங்கள் மூச்சு" என்று எழுதிய பலகைக்குக் கீழே உட்கார்ந்து வரவேற்புப் பெண் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

மூக்கு அடைத்ததும் அப்பா சாப்பாட்டை நிறுத்திவிட்டார். எங்கப்பா முதலில் மோந்து பார்ப்பார், பிறகுதான் வாயில் வைப்பார். எங்கள் வீட்டில் எது வெந்தது, எது தீய்ந்தது, எது நாளைக்குக் கெடும் என்று அடுப்படிக்கு வராமலே சொல்லுகிற ஆள்.

"வாசன தெரியாம என்னத்தம்மா திங்கறது? ஈரத்துணியை மெல்லுற மாதிரி இருக்கு" என்று ரொட்டியைத் தள்ளினார். சூப்பைத் தள்ளினார். சிஸ்டர் கெஞ்சினாள், நான் அதட்டினேன், ஒன்றும் நடக்கவில்லை.

நடக்கவைக்க வருகிற பிசியோதெரபிக்காரர் வந்து பார்த்துவிட்டுக் கையை விரித்தார். "வெறும் வயித்தோட நிக்க வைக்க முடியாதும்மா. மயங்கி விழுந்தாருன்னா அதே எலும்பு மறுபடியும் போயிடும். சாப்பிட வைங்க, நிக்க வைக்கிறேன். படுத்தே கெடந்தாருன்னா அப்புறம் எந்திரிக்கவே மாட்டாரு."

எங்கப்பா நாள் முழுக்க நிற்காமல் நடந்த மனுஷன். அவர் எந்திரிக்க வேண்டுமானால் சாப்பிட வேண்டும். சாப்பிட வேண்டுமானால் மூக்கு திறக்க வேண்டும். மூக்கு திறக்க என்ன வேண்டும் என்று அவரே சொன்னார்.

"ஒரு டம்ளர் வெந்நீர், அதுல பாதி எலுமிச்சம்பழம், ஒரு சிட்டிகை உப்பு. தோலைக் கிள்ளி மூக்குகிட்ட புடிக்கணும். வேற ஒண்ணும் வேணாம். வீட்ல சளி புடிச்சா நான் என்ன டாக்டர்கிட்டயா ஓடுனேன்?"

வார்டு சிஸ்டரிடம் கேட்டேன். "தாராளமாக் குடிக்கலாம், சாதாரண சளிதான். ஆனா இங்க எலுமிச்சம்பழம் கிடையாதேம்மா" என்றாள். கேண்டீனில் கேட்டேன். எலுமிச்சை வாசனையில் பாத்திரம் தேய்க்கிற சோப்பு இருக்கிறது, வேண்டுமா என்றார்கள். சரி, போங்கடா என்று மறுநாள் ஷிப்ட் முடிந்ததும் கடையில் நல்லதாக ஒரு பழத்தைப் பொறுக்கி, ஃபிளாஸ்கில் வெந்நீரும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

வாசலில் செக்யூரிட்டி என் பையை மெஷினுக்குள் தள்ளினார். மெஷின் கூவியது. ஃபிளாஸ்கைப் பார்த்து, "வெந்நீரா? உடம்புக்கு நல்லது, போகலாம்" என்றார். பழத்தை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார்.

"இது என்னம்மா?"

"கண்ணு தெரியலையா? எலுமிச்சம்பழம்."

"வெளிச் சாப்பாடு உள்ள போகக்கூடாது."

"இதை யாருங்க சாப்பாடா சாப்பிடுவாங்க? இது மருந்து."

"வெளி மருந்தும் போகக்கூடாது."

"அப்ப மருந்து இல்ல. சும்மா ஒரு பழம்."

"சும்மான்னு ஒண்ணு எங்க சிஸ்டத்துல இல்லம்மா" என்று கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். அந்த வாசலைத் தாண்டுகிற எதுவானாலும் நான்கில் ஒன்றாக இருக்க வேண்டுமாம். ஊழியர், பார்வையாளர், சரக்கு, நோயாளி. எனக்கு அந்த ஏற்பாட்டின் மீது மரியாதைகூட வந்தது, நம்ம பஸ் மாதிரியே இருக்கிறதே என்று. "சரக்குன்னு போடுங்க" என்றேன். சரக்கு பின்வாசல் வழியாக, டெண்டர் விட்டு வர வேண்டும் என்றார். பார்வையாளர் என்றால் புகைப்படம் ஒட்டிய அடையாள அட்டை வேண்டும் என்றார். ஊழியர் என்று போடலாமா என்று அவரே ஒரு நிமிடம் யோசித்து, ஆளெடுப்பை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று கைவிட்டார்.

எனக்கு ஏறியது பாருங்கள் கோபம். அவர் தலைக்கு மேலேயே ஒரு பலகை தொங்கியது: "நோயாளியை ஒரு நிமிடமும் வாசலில் நிறுத்தி வைக்காதீர்."

"அப்ப நோயாளின்னே போட்டுத் தொலைங்களேன்!" என்று கத்தினேன்.

நான் வயிற்றெரிச்சலில் சொன்னது. அவருக்கோ வயிற்றில் பால் வார்த்த மாதிரி ஆகிவிட்டது. முகமெல்லாம் மலர்ந்து பொத்தானைத் தட்டினார். ஒரு சின்ன மெஷின் கிர்ரென்று ஒரு பட்டியைத் துப்பியது. பழத்துக்கு மணிக்கட்டு இல்லாததால் இடுப்பில் சுற்றி ஒட்டினார்.

"நேரா சேர்க்கைப் பிரிவுக்குப் போங்க. தள்ளுவண்டி வேணுமா, நடந்தே வந்துடுவாரா?"

சேர்க்கைப் பிரிவில் இருந்த அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. அவருக்கும் மூக்கு அடைத்திருந்தது. "நோயாளி பேரு?"

"எலுமிச்சம்பழம்."

"இனிஷியல்?"

"இல்லைங்க."

"இனிஷியல் இல்லாம எடுத்துக்காது. அப்பா பேரு?"

"மரங்க."

அதையும் தட்டினார். "என்ன தொந்தரவு?"

"ஐயோ, இதுக்கு ஒரு தொந்தரவும் இல்லம்மா. எங்கப்பாவோட மூக்கடைப்புக்காக வந்திருக்கு."

அவர் காதில் கடைசிப் பாதி மட்டும்தான் விழுந்தது. "மூக்கடைப்பு" என்று தட்டினார். "மூக்கடைப்பெல்லாம் நாலாவது மாடி. அங்க ஒரே ஒரு கட்டில்தான் காலியா இருக்கு" என்றார். அது எங்கப்பா கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டில். "நோயாளி பேசுவாரா?"

"பேசாதுங்க."

"பேச முடியாதவருக்குக் கூடவே ஒரு ஆள் இருக்கலாம். இந்தாங்க துணையாள் அட்டை. ஒரு துணையாளுக்கு ஒரு நோயாளிதான், ஞாபகம் வச்சுக்கோங்க."

எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. அப்பாவைப் பார்க்க மாலையில் கொஞ்ச நேரம்தான் விடுவார்கள். அப்பா தெளிவாகப் பேசுகிறார், அதனால் அவருக்குத் துணை தேவையில்லையாம். பழத்தின் தயவில் இப்போது நான் நாள் முழுக்க அவர் பக்கத்தில் இருக்கலாம். போகட்டும், இதுவும் நல்லதுக்குத்தான், உள்ளே போனதும் நறுக்கிப் பிழிந்துவிடலாம் என்று லிப்ட் ஏறினேன்.

நறுக்குவதாவது! வார்டுக்குள் நுழைந்ததும் ஒரு ஆயா வந்து பழத்தை என் கையிலிருந்து வாங்கிக் கட்டிலில் கிடத்தி, கழுத்து என்று அவர் கருதிய இடம் வரை போர்வையை இழுத்து விட்டார். தலையணை ஒன்று வைத்தார். பழம் உருண்டது. இரண்டு பக்கமும் அணைவாக இன்னும் இரண்டு தலையணை வைத்தார். எங்கப்பா சேர்ந்த நாளிலிருந்து இன்னொரு தலையணை கேட்டு வாய் வலித்துப் போயிருந்தார்.

"யாரும்மா புதுசா?" என்று அப்பாவுக்கு மறுபக்கத்துக் கட்டிலிலிருந்து ஒரு பெயின்டர் எட்டிப் பார்த்தார். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கையில் ஏணியிலிருந்து விழுந்தவர். கால் மாவுக்கட்டோடு உத்தரத்தைப் பார்த்துத் தொங்கிக்கொண்டிருந்தது. நான் நடந்ததைச் சொன்னேன்.

"ஏங்கக்கா, ஜாக்கெட்டுக்குள்ள சொருகிக்கிட்டு வந்திருக்கலாம்ல?"

"எதுக்கு? நான் என்ன திருட்டுப் பொருளா கொண்டு வரேன்? எங்கப்பாவுக்கு எலுமிச்சம்பழம் கொண்டு வரேன். வாசல் வழியாத்தான் கொண்டு வருவேன்."

அப்பா கட்டிலில் இருந்தபடி பழத்தையே பார்த்தார். கைக்கு எட்டுகிற தூரம். "அம்மாடி, சீக்கிரம் பிழிடீ" என்று மூக்கால் முனகினார். என்னிடம் கத்தி இல்லை, ஆனால் கையில் நகம் இருக்கிறதே. போர்வையை விலக்கிக் கட்டைவிரல் நகத்தைத் தோலில் அழுத்தியதுதான் தாமதம், சிஸ்டர் ஓடி வந்தாள்.

"என்ன காரியம்மா பண்றீங்க! நோயாளி மேல கை வைக்கலாமா?"

"சிஸ்டர், நல்லா பாருங்க. இது நோயாளியா?"

சிஸ்டர் பார்த்தாள். அவளுக்குத் தெரியும், கண்ணில் தெரிந்தது. குரலைத் தாழ்த்தி, "எனக்குத் தெரியாமயா இருக்கு? ஆனா பட்டி ஒட்டிட்டாங்களே. தலைக்கு மேல கேமரா இருக்கு. நோயாளியைக் கீறுனா உங்களை வெளிய அனுப்பிடுவாங்க. அப்புறம் உங்கப்பாவைக்கூடப் பார்க்க விட மாட்டாங்க. டிஸ்சார்ஜ் வாங்கிடுங்க, பிறகு என்ன வேணா பண்ணிக்கோங்க" என்றாள்.

"டிஸ்சார்ஜ் யார் குடுப்பாங்க?"

"குணமானா பெரிய டாக்டர் குடுப்பாரு."

அதிலிருந்து என் பாடு பழத்தைக் குணப்படுத்துவது என்று ஆனது. ஆயா மெஷின் வைத்து நாடி பார்த்துவிட்டு, அது ரிப்பேர் என்று இன்னொரு மெஷின் கொண்டு வந்தார். இரண்டும் ரிப்பேர் என்று முடிவாயிற்று. வேளா வேளைக்குப் பழத்துக்கு சூப் வந்தது. சாப்பாட்டுப் பிரிவு அதிகாரி ஆறிப்போன கிண்ணத்தைப் பார்த்து முகத்தைச் சுளித்து, "நோயாளி ஒத்துழைக்கறதில்ல. நீங்களும் ஊட்டி விடறதில்ல. என்ன பொறுப்புள்ள குடும்பம் இது?" என்று என்னைக் கிழித்தார். பக்கத்தில் எங்கப்பாவின் சூப்பும் அதேபோல ஆறிக் கிடந்தது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பாவின் கன்னம் உள்ளே போய்விட்டது. வாயால் மூச்சு விட்டு விட்டு உதடு வெடித்திருந்தது. எனக்கு அந்தக் கிண்ணத்தை எடுத்து யார் தலையிலாவது கவிழ்க்க வேண்டும் போல இருந்தது.

மறுநாள் பெரிய டாக்டர் பரிவாரத்தோடு வந்தார். எங்கப்பாவைக் கடந்து நேராகப் பழத்திடம் போனார். கடினமான கேஸ் என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள்.

"மூச்சை நல்லா இழுத்து விடுங்க."

பழம் சும்மா இருந்தது.

"ம்ம். முழு அடைப்பு" என்றார் பெரிய டாக்டர். அவர் மூக்கும் முழு அடைப்பாக இருந்தது. அது மட்டும் திறந்திருந்தால் என் நகம் பட்ட இடத்திலிருந்து வந்த வாசனையிலேயே விஷயம் முடிந்திருக்கும். "தோலைப் பாருங்க எல்லாரும். என்ன நிறம்?"

"மஞ்சள், சார்" என்றது பரிவாரம்.

"கண்ணை மூடிட்டுச் சொல்லலாம், காமாலை."

கூட்டத்தின் கடைசியில் நின்ற பயிற்சி டாக்டர் பெண் மெல்ல, "சார், எனக்கு இது எலுமிச்சம்பழம் மாதிரி..." என்று ஆரம்பித்தாள்.

பெரிய டாக்டர் திரும்பினார். கோபப்படவில்லை. பாவம் பார்க்கிற மாதிரி பார்த்தார். "நீ படிச்சு முடிச்சு இன்னும் நாள் ஆகல, அதான் கண்ணால பாக்கற. நான் இத்தனை வருஷத்துல ஒரு நோயாளியையும் நிமிர்ந்து பாத்தது கிடையாது. பாத்தா மனசு குழம்பும். அவன் ஒண்ணு சொல்லுவான், ரிப்போர்ட் ஒண்ணு சொல்லும். ரிப்போர்ட் என்னிக்காவது அழுது பாத்திருக்கியா? எனக்கு வலிக்குதுன்னு ரிப்போர்ட் சொல்லுமா? அதனாலதான் அதை நம்பலாம்."

பரிவாரம் தலையாட்டியது. பெரிய டாக்டர் என்னிடம், "நீங்க யாரு, பொண்ணா?" என்றார்.

"துணையாளுங்க. ஐயா, இதுக்கு ஒண்ணும் இல்ல, டிஸ்சார்ஜ் குடுத்துடுங்க. பக்கத்துல எங்கப்பா மூக்கு அடைச்சுச் சாப்பிடாம கெடக்காரு, அவரை ஒரு பார்வை..."

"ஒரு நேரத்துல ஒரு நோயாளியைப் பத்தித்தான் பேசணும்" என்று கையை உயர்த்தினார். ஊசியால் பழத்திலிருந்து கொஞ்சம் உறிஞ்சி எடுத்தார்கள். வெளிர் மஞ்சளாக வந்தது. "பாத்தீங்களா, ரத்தத்துல சிவப்பே இல்ல" என்று வருத்தப்பட்டு, அவசரம் என்று எழுதிச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினார்.

போகும் அந்த ஊசியை எங்கப்பா கண்ணெடுக்காமல் பார்த்தார். "என் எலுமிச்சம்பழச் சாறும்மா அது. யார் யாருக்கோ போகுது" என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பஸ்ஸில் யாரிடமும் அழுதது கிடையாது, இங்கேயும் அழக்கூடாது என்று பல்லைக் கடித்தேன்.

ரிப்போர்ட் மதியமே வந்தது. பெரிய டாக்டர் படித்தார். மறுபடி படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"மன்னிக்கணும்மா. இவ்வளவு புளிப்பு உடம்புல இருந்தா யாராலயும் உயிரோட இருக்க முடியாது. ரிப்போர்ட்படி உங்க நோயாளி இறந்துட்டாரு. சொல்லப்போனா இங்க வரதுக்கு முன்னாடியே இறந்துட்டாரு. நாங்க எங்களால ஆனதைச் செஞ்சோம்."

ஆயா ஓடிவந்து போர்வையை முகத்துக்கும் சேர்த்து மூடினார். பெயின்டர் தலையணையை வாயில் அமுக்கிக்கொண்டு குலுங்கினார். துக்கம் என்று நினைத்துப் பரிவாரத்தில் ஒருவர் அவர் தோளைத் தடவினார். நான் வாயைத் திறக்கும் முன்னால் வார்டுக்குள் கண்காணிப்பாளர் நுழைந்துவிட்டார்.

அந்த ஆஸ்பத்திரிக்கே தலைவர் அவர். இறப்பு நடந்த இடத்துக்கு அவர் வரமாட்டாராம், அன்றைக்கு வந்ததே விசேஷம். பின்னால் ஒரு புகைப்படக்காரர். வார்டுச் சுவரெல்லாம் ஒட்டியிருந்த போஸ்டரைப் போலவே கண்காணிப்பாளர் சட்டையிலும் ஒரு பச்சை வில்லை: "உறுப்பு தானம் செய்வீர்."

"அம்மா, உங்க துக்கத்துல நாங்களும் பங்கெடுத்துக்கறோம்" என்று மூக்கால் ஆரம்பித்தார். சளியில் குரல் குடத்துக்குள் இருந்து வருகிற மாதிரி இருந்தது. "இந்த உறுப்பு தானத் திட்டத்தை நான்தான் கொண்டுவந்தேன். போஸ்டர் அடிச்சோம், ஊர்வலம் போனோம், எனக்குப் பாராட்டு விழாகூட நடந்துச்சு. தானம் மட்டும் ஒண்ணும் வரல. மேலிடத்துல கேக்கறாங்க. ஒரு உயிர் போகாதான்னு எத்தனை நாளா காத்துட்டு... அதாவது, ஒரு உயிரைக் காப்பாத்த முடியாதான்னு காத்துட்டு இருக்கோம். குடும்பத்தார் நீங்க பெரிய மனசு பண்ணணும்."

நான் போர்வைக்கடியில் இருந்த அந்தச் சின்ன மேட்டைப் பார்த்தேன். பிறகு எங்கப்பாவைப் பார்த்தேன். டிக்கெட் எடுக்காமல் பின்படியில் தொங்குகிறவனை முன்படியில் இருந்தே கண்டுபிடிக்கிற மூளை எனக்கு. அது அப்போதுதான் டபுள் விசில் அடித்தது.

"சம்மதம்" என்றேன்.

கண்காணிப்பாளர் முகத்தில் விளக்கு எரிந்தது. புகைப்படக்காரர் தயாரானார்.

"ஆனா ஒரு நிபந்தனை. யாருக்குன்னு நான்தான் சொல்லுவேன். பக்கத்துக் கட்டில்ல இருக்கற எங்கப்பாவுக்கு."

"அது வந்து... பொருத்தம் பாக்கணுமே" என்று இழுத்தார் பெரிய டாக்டர்.

"பாருங்க. ரெண்டு பேருக்கும் ஒரே வியாதி, மூக்கடைப்பு. ஒரே வார்டு, ஒரே சூப்பு, ரெண்டு பேரும் அதைத் தொடல. இதுக்கு மேல என்ன பொருத்தம் வேணும்? கல்யாணத்துக்கே இவ்வளவு பாக்க மாட்டாங்க."

பெரிய டாக்டர் இரண்டு ஃபைலையும் புரட்டினார். ஃபைல் என் பக்கம்தான் பேசியது. "ரிப்போர்ட்ல தடை ஒண்ணும் இல்ல, சார்" என்றார்.

"அப்ப நானே தொடங்கி வைக்கறேன்" என்றார் கண்காணிப்பாளர். திறப்பு விழா என்றால் ரிப்பன் வெட்டுகிற பழக்கம் அவருக்கு. வெள்ளித் தட்டில் கத்தி வந்தது. போர்வையை விலக்கினார்கள். புகைப்படக்காரருக்காக முகத்தைத் திருப்பிச் சிரித்துக்கொண்டே கண்காணிப்பாளர் கத்தியை வைத்து ஒரே அழுத்தாக அழுத்தினார்.

சாறு பீறிட்டு நேராக அவர் மூக்கில் அடித்தது. மனுஷன் திணறினார். கண்ணை மூடினார், வாயைத் திறந்தார், பிறகு அந்த மாடியே அதிர்கிற மாதிரி ஒரு தும்மல் போட்டார். அப்புறம் இன்னொன்று. அப்புறம் அமைதியாக நின்றார். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அடைத்துக் கிடந்த மூக்கு போலிருக்கிறது, சரேலென்று திறந்துகொண்டது. ஒரு முறை இழுத்தார். மறுபடி நன்றாக இழுத்தார்.

"இது..." என்றார், தெளிவான குரலில். "இது எலுமிச்சம்பழம்."

பயிற்சி டாக்டர் பெண் ஜன்னலைப் பார்த்தாள். பெரிய டாக்டர் ஃபைலைப் பார்த்தார்.

"ஆமா" என்றேன். "வாசல்ல சொன்னேன், சேர்க்கைப் பிரிவுல சொன்னேன், சிஸ்டர்கிட்ட சொன்னேன். யாராவது கேட்டீங்களா?"

நான் காத்திருக்கவில்லை. பாதியை எடுத்தேன், ஃபிளாஸ்க் மூடியில் வெந்நீர் ஊற்றினேன், பிழிந்தேன். பெயின்டர் தன் சூப்புத் தட்டிலிருந்து உப்புப் பொட்டலத்தை வீசினார், பிடித்தேன். ஒரு கையால் அப்பாவின் தலையை நிமிர்த்தி, இன்னொரு கையால் தோலைக் கிள்ளி அவர் மூக்கருகே பிடித்தேன். யாரும் தடுக்கவில்லை. உறுப்பு தானத்தைத் தடுத்தால் என்ன ஆகும் என்று போஸ்டரிலேயே போட்டிருந்தது.

அப்பா ஆவியை இழுத்தார். குடித்தார். இருமினார். மறுபடி இழுத்தார். சளியைத் துரத்தியது பழமா, வெந்நீரா, இல்லை எங்கள் இருவரின் பிடிவாதமா என்று என்னைக் கேட்காதீர்கள், நான் டாக்டர் இல்லை. கொஞ்ச நேரத்தில் அவர் மூக்கு ஒரு பக்கம் விசில் அடித்தது. பிறகு அடுத்த பக்கம். கண்ணை மூடி, வார்டையே மோந்து பார்ப்பவர்போல மூச்சிழுத்தார்.

"அந்த சூப்பை எடும்மா."

கொடுத்தேன். ஒரு வாய் குடித்தார். முகத்தைச் சுளித்தார்.

"த்தூ. உப்பே இல்ல. இதையா இத்தனை நாளா குடிக்கச் சொன்னீங்க?" என்று திட்டிக்கொண்டே கிண்ணத்தைக் காலி செய்தார். ரொட்டி கேட்டார். எனக்கு அப்போது வந்தது பாருங்கள் அழுகை, பல்லைக் கடித்தும் நிற்கவில்லை. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

கண்காணிப்பாளர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். "நடந்தது நடந்துபோச்சும்மா. வெற்றிகரமான உறுப்பு தானம்னு அறிக்கை குடுத்துடறோம். நீங்களும் அதையே சொல்லிடுங்க. பழம் அது இதுன்னு வெளிய போச்சுன்னா இந்த ஸ்தாபனத்தோட மானம் என்ன ஆகும்? நீங்க ஒரு ஆள் வாயை மூடிக்கிட்டா போதும்."

"வாயை மூடறதா?" என்றேன். "ஐயா, நான் பஸ் கண்டக்டருங்க. நாளைக்கு முதல் டிரிப்பே உங்க ஆஸ்பத்திரி வாசல் வழியாத்தான் போகுது. ஸ்டாப் பேரைக் கத்திச் சொல்றதுதான் என் வேலை. கூடவே இதையும் சேர்த்துச் சொல்லுவேன். அது எலுமிச்சம்பழம். எங்கப்பாவுக்குக் கொண்டு வந்தேன். நீங்க அதைக் கட்டில்ல படுக்க வச்சு, ஊசி போட்டு, சாகடிச்சு, அப்புறம்தான் குடுத்தீங்க. இதுல ஒரு எழுத்தைக்கூட மாத்திச் சொல்ல மாட்டேன்."

"உங்களை உள்ள விடாம பண்ண முடியும், தெரியுமா?"

"துணையாள் அட்டை இருக்குங்க. என் நோயாளி இறந்துட்டாரு, நீங்களே எழுதிக் குடுத்தீங்க. அடுத்த நோயாளியைக் கூட்டிட்டு வர எனக்கு உரிமை இருக்கு."

சொன்னபடியே செய்தேன். மறுநாள் காலை, "ஆஸ்பத்திரி இறங்குறவங்கல்லாம் வாங்க" என்று வழக்கம்போல் கத்திவிட்டு, மீதிக் கதையையும் கத்தினேன். பஸ்ஸில் பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பாதி அந்த நாலாவது மாடியிலும் மூன்றாவது மாடியிலும் மூக்கடைத்துக் கிடப்பவர்களுடைய மனைவி, அண்ணன், மருமகள், மச்சான். அவர்கள் சிரிக்கவில்லை. அடுத்தடுத்த டிரிப்பில் நான் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவர்களே எனக்குச் சொன்னார்கள்.

ஷிப்ட் முடிந்து நான் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனபோது வரிசை தெரு முனையைத் தொட்டிருந்தது. ஒவ்வொருவர் கையிலும் துண்டில் சுற்றிய ஒரு நோயாளி. எலுமிச்சை, ஆரஞ்சு, சாத்துக்குடி. ஒரு பெரியவர் தன் ஆரஞ்சைக் குழந்தையைப்போல் தோளில் சாய்த்துக்கொண்டிருந்தார். செக்யூரிட்டிக்கு வியர்த்துக் கொட்டியது. பழங்களுக்கு அனுமதி இல்லை என்று அவசரமாக எழுதிய ஒரு தாள் அவர் மேஜைமேல் ஒட்டியிருந்தது.

"பழமெல்லாம் விடக்கூடாதுன்னு ஆர்டரும்மா" என்றார் என்னைப் பார்த்ததும்.

"யாருங்க பழம் கொண்டு வந்தது?" என்று வரிசையைப் பார்த்துக் குரல் கொடுத்தேன். "பழம் யாராவது வச்சிருக்கீங்களா?"

"இல்லை!" என்றது வரிசை.

"பின்ன?"

"நோயாளி!"

"என்ன தொந்தரவு?"

"மூக்கடைப்பு!"

செக்யூரிட்டி தலைக்கு மேல் தொங்கிய பலகையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். நோயாளியை வாசலில் நிறுத்தி வைத்ததற்காக அவருடைய வேலைதான் போகும், கண்காணிப்பாளருடையது அல்ல. மூக்கை உறிஞ்சிக்கொண்டார். பிறகு மேஜைமேல் இருந்த தாளைக் கிழித்து அதிலேயே மூக்கைச் சிந்திவிட்டு, பட்டி மெஷினைத் தட்டினார். "ஒவ்வொருத்தரா வாங்க. இடுப்பைக் காட்டுங்க" என்றார்.

நான் நாலாவது மாடிக்கு ஏறினேன். பெயின்டர் கட்டிலிலிருந்தே எனக்கு சலாம் போட்டார். அப்பா கட்டிலில் இல்லை. வார்டு முழுக்கக் கண்ணை ஓட்டினேன். பிறகு பார்த்தேன், ஜன்னலோரம் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தார். பிசியோதெரபிக்காரர் பின்னால் கையை விரித்துத் தாங்கத் தயாராக நின்றார், தாங்க வேண்டியிருக்கவில்லை. கால் நடுங்கியது, ஆனால் நின்றார். கீழே தெருவில் நகர்ந்துகொண்டிருந்த வரிசையை ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் இடுப்பில் பட்டி ஒட்டிய சாத்துக்குடியைக் கட்டிலில் வைத்தேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, மூச்சை ஒரு இழுப்பு இழுத்தார்.

"சாத்துக்குடியா?" என்றார். "சரி, படுக்க வை. பாவம், நாளைக்கு மத்தியானம் வரைக்குமாவது இருக்கட்டும்."